குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவோடு உடல் எப்படிப் பழகிக்கொள்கிறது?

ஆடிக் கூழ் ஊற்றிய அன்று, கோயில் வாசலில் கையில் கிண்ணத்தோடு நின்றபடி நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் அவசரமாகச் சொன்ன இரண்டு வரி பதில் எனக்கே திருப்தியாக இல்லை, தங்கை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அக்கா மகனுக்கு இருபத்திரண்டு வயது. க்ரோன் நோய், அதாவது நாள்பட்ட ஒரு வகைக் குடல் அழற்சி, என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். "அவன் உடம்பு, அவன் குடலில் இருக்கும் பாக்டீரியாவோடு சண்டை போடத் தொடங்கிவிட்டது" என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். நீங்கள் கேட்டவை மூன்று. மற்றவர்களின் உடம்பு ஏன் சண்டை போடுவதில்லை? மருந்து கொடுத்து அந்த பாக்டீரியாவை மொத்தமாகக் கொன்றுவிட்டால் என்ன? நாள்கணக்கில் புளித்த கூழை அவன் குடிக்கலாமா? நான் வைத்தியன் அல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து ஆய்வுக்கூடங்களில் முப்பது வருடம் இரத்தமும் மலமும் பார்த்தவன், நோயெதிர்ப்பைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதல் கேள்வியில் ஒரு திருத்தம். மற்றவர்களின் உடம்பு சண்டை போடுவதே இல்லை என்று நினைக்கிறீர்கள். தினமும் போடுகிறது. சத்தம் வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கூட்டத்தின் அளவைச் சொன்னால் இது விளங்கும். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவனுடைய சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியா நம் செல்களைவிடப் பத்து மடங்கு, எடை இரண்டு கிலோ என்றெல்லாம் இன்னும் பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எடை உண்மையில் கால் கிலோவுக்கும் குறைவு. ஏறக்குறைய எல்லாமே பெருங்குடலில்தான். அந்தக் கூட்டத்துக்கும் நம் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒற்றை செல் தடிமன் கொண்டது. அந்த செல்களும் மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. இதே பாக்டீரியாவில் ஒரு சிட்டிகை இரத்தத்தில் கலந்தால் ஆளை ஐசியுவில் படுக்க வைத்துவிடும்.

இந்த ஏற்பாட்டைப் பாடப்புத்தகங்களில் 'சகிப்புத்தன்மை' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது போல ஒலிக்கிறது. நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: பழகுதல். ஒருவரோடு பழகியிருக்கிறேன் என்றால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று பொருள். ஒன்று பழகிப்போயிற்று என்றால் அது இனி என்னைத் தொந்தரவு செய்வதில்லை என்று பொருள். குடலில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

இதைக் காட்டும் ஒரு சோதனை 1995-இல் ஜெர்மனியிலிருந்து வெளியானது. ஆரோக்கியமானவர்களின் குடல் சுவரிலிருந்து எடுத்த நோயெதிர்ப்பு செல்களை, அதே ஆளின் குடல் பாக்டீரியாவோடு சேர்த்து வைத்தார்கள். செல்கள் அசைந்துகொடுக்கவில்லை. வேறொருவரின் குடல் பாக்டீரியாவைச் சேர்த்தார்கள். உடனே கிளர்ந்து பெருகின. அழற்சி கண்ட குடலிலிருந்து எடுத்த செல்களோ, சொந்த பாக்டீரியாவைக் கண்டே பெருகின. உங்கள் டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொன்னது இதைத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பாக்டீரியாவும் நம்முடையதைப் போலத்தான் இருக்கும்; ஆனாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரிகிறது. ஆக, இந்த அமைதி பிறவியிலேயே வந்ததல்ல. ஒவ்வோர் உடம்பும் தன் வீட்டுக் கூட்டத்தோடு பழகிக் கற்றுக்கொண்டது.

பழகுவதற்கு முன் வேலி வேண்டும். அதை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். பெருங்குடலின் உட்புறம் முழுவதும் வழுவழுப்பான கோழை இரண்டு அடுக்காகப் படிந்திருக்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. சுவரை ஒட்டிய உள் அடுக்கில் ஏறக்குறைய எதுவும் நுழைவதில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் 2008-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கோழையின் முக்கியப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் குடல் புண் தானாகவே வருகிறது. சிறுகுடலில் கோழை தளர்வாக இருக்கும். அங்கே சுவர் செல்களே பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களைச் சுரந்து ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தூரத்துக்கு அவற்றைத் தள்ளி வைக்கின்றன. இதற்கு மேல் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி). உடம்பு தயாரிக்கும் மற்ற எல்லா எதிர்ப்புரதங்களையும் கூட்டினாலும் இதன் அளவுக்கு வராது. தினமும் சில கிராம் குடலுக்குள் கொட்டப்படுகிறது. மற்ற எதிர்ப்புரதங்கள் ஒட்டிக்கொண்டால் ஊரையே கூட்டிச் சண்டைக்கு அழைக்கும். ஐஜிஏ அப்படிச் செய்வதில்லை. பாக்டீரியாவைச் சுற்றிப் போர்த்தி, சுவரை நெருங்கவிடாமல் மலத்தோடு அனுப்பிவிடுகிறது. தன் குடியிருப்பாளர்களை உடம்பு பெயர் சொல்லி அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்: அவர்களில் பலருக்கும் பொருந்தும் எதிர்ப்புரதம் செய்து வைத்திருக்கிறதே.

இனி கற்றல். எனக்குப் பிடித்த பகுதி இது.

குடல் சுவருக்கு அடியில், கிளை கிளையாக நீண்ட கைகளைக் கொண்ட டென்ட்ரைட்டிக் செல்கள் காத்திருக்கின்றன. அவ்வப்போது உள்ளே வரும் பாக்டீரியாவையும் அதன் துணுக்குகளையும் பிடித்து, குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துப் போகின்றன. அங்கே, இதுவரை எதையும் சந்திக்காத இளம் டி செல்களிடம் (நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களில் ஒரு வகை) அந்தத் துணுக்கைக் காட்டுகின்றன. அந்த டி செல் சண்டைக்காரனாக வளருமா, சண்டையை விலக்குபவனாக வளருமா என்பது அந்த நேரத்தில் முடிவாகிறது. வந்தவன் யார் என்பதைப் போலவே, எந்த வாசல் வழியாக, யாரோடு வந்தான் என்பதும் அதை முடிவு செய்கிறது. செல்கள் சிதைந்த அபாயக் குறிகளோடு வந்தால் சண்டை. அமைதியான சூழலில், டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதமும் வைட்டமின் ஏ-யிலிருந்து குடல் செல்கள் தயாரிக்கும் ரெட்டினோயிக் அமிலமும் சேர்ந்து இருந்தால் சமாதானம். முருங்கைக்கீரையும் பூசணிக்காயும் கண்ணுக்கு மட்டும் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். குடலின் பள்ளிக்கூடத்திலும் அவற்றுக்கு வேலை இருப்பது 2007 வாக்கில்தான் தெரிந்தது. பாடம் சொல்லும் ஆசிரியர் டென்ட்ரைட்டிக் செல் மட்டும்தான் என்று நானும் பல ஆண்டுகள் கற்பித்தேன். அந்தக் கணுக்களில் வேறொரு வகை செல் இந்த வேலையில் முக்கியமானது என்று 2022-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. என் பழைய மாணவர்கள் மன்னிக்க வேண்டும்.

சண்டையை விலக்கும் இந்த டி செல்லுக்குக் 'கட்டுப்படுத்தும் டி செல்' என்று பெயர். 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இதை அடையாளம் காட்டியபோது பலர் நம்பவில்லை. அப்படி அடக்கும் செல் ஒன்று உண்டு என்ற பழைய கருத்து அதற்கு முன் ஒருமுறை எழுந்து, சான்று நிற்காமல் கைவிடப்பட்டிருந்தது. 2001-இல் அமெரிக்காவில் மேரி ப்ரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், பிறந்து சில வாரங்களில் தன்னைத் தானே தாக்கிச் செத்துப்போகும் ஒரு வகை எலியில் கெட்டுப்போயிருக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்பது அதன் பெயர். கட்டுப்படுத்தும் டி செல்லின் ஆணிவேர் அதுதான் என்பது இரண்டு ஆண்டுகளில் உறுதியானது. மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு. அதே மரபணு கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகள் உண்டு, மிக அரிதாக. அவர்களிடம் பெரும்பாலும் முதலில் தெரிவது ஓயாத வயிற்றுப்போக்கு. காவலர் இல்லாவிட்டால் குடலில்தான் முதலில் கலவரம்.

இந்த செல்கள் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்று இன்டர்லூக்கின்-10 என்ற அடக்கும் சமிக்ஞை. அது இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவது 1993-இல் தெரிந்தது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் அழற்சி வருவதில்லை. நெருப்பு மூட்டியது பாக்டீரியா. அணைக்கத் தண்ணீர் இல்லாததுதான் நோய். மனிதர்களிலும் இது உண்மை என்பது 2009-இல் வெளிச்சத்துக்கு வந்தது: இந்தச் சமிக்ஞையை வாங்கும் மரபணு கெட்ட குழந்தைகளுக்கு, கைக்குழந்தைப் பருவத்திலேயே கொடிய குடல் அழற்சி. எலும்பு மஜ்ஜையிலிருந்து புது நோயெதிர்ப்பு செல்கள் கொடுத்தபோது அடங்கியது.

கற்றுக்கொள்வது உடம்பு மட்டுமல்ல. பாக்டீரியாவும் பாடம் நடத்துகிறது. க்ளாஸ்ட்ரிடியா குடும்பத்தைச் சேர்ந்த சில வகைகள் கட்டுப்படுத்தும் டி செல்களைப் பெருங்குடலில் பெருக்குகின்றன என்று 2011-இல் கென்யா ஹோண்டா என்ற ஆய்வாளரின் ஜப்பானியக் குழு எலிகளில் காட்டியது. 2013-இல் மனித மலத்திலிருந்து பிரித்த 17 வகைகளை வைத்து அதையே திரும்பச் செய்தது. டெட்டனஸ் ஜன்னி உண்டாக்குவதும் இதே பெயர் கொண்ட கூட்டத்தில்தான் இருக்கிறது. தயிர் விளம்பரங்களில் 'நல்ல பாக்டீரியா' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஒரே பாக்டீரியா, இன்டர்லூக்கின்-10 உள்ள எலியில் சமாதானத்தையும் இல்லாத எலியில் கலவரத்தையும் உண்டாக்குகிறது. நல்லது கெட்டது பாக்டீரியாவின் நெற்றியில் எழுதியிருப்பதில்லை.

அந்தப் பாடத்துக்கு அவை பயன்படுத்தும் பொருள்களில் முக்கியமானது ப்யூட்டிரேட். வெண்ணெய் கெட்டால் வரும் வாடை இந்த அமிலத்தின் வாடைதான். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் பாக்டீரியா புளிக்க வைக்கும்போது இது உண்டாகிறது. சுவர் செல்களுக்கு இதுவே முக்கிய எரிபொருள். 2013-இல் வெளியான ஆய்வுகளின்படி, இளம் டி செல்களைக் கட்டுப்படுத்தும் பக்கம் திருப்புவதும் இது. நார் கிடைக்காமல் போனால் பசித்த பாக்டீரியா கோழை வேலியையே தின்னத் தொடங்குகிறது என்று எலிகளில் 2016-இல் பார்த்தார்கள். வேலியே பயிரை மேயும் கதை கேட்டிருக்கிறோம். இங்கே பயிர் வேலியை மேய்கிறது.

நம் ஊர்க்காரர்கள் இதில் ஒரு பெரிய சாட்சி. குவாசுலு-நட்டால் கிராமத்து ஆப்பிரிக்கர்கள் 20 பேரும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்ட ஆய்வு 2015-இல் வெளியானது. அமெரிக்கர்களுக்கு மீலி மாவும் (மக்காச்சோள மாவு) பீன்ஸும் கொடுத்து நார்ச்சத்தை நாளொன்றுக்குச் சுமார் 55 கிராம் ஆக்கினார்கள். நம்மவர்களுக்கு பர்கரும் பொரித்த உருளைக்கிழங்குமாகக் கொடுத்துச் சுமார் 12 கிராமுக்கு இறக்கினார்கள். பதினான்கே நாளில் அமெரிக்கர்களின் குடலில் ப்யூட்டிரேட் ஏறி, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. இங்கே நேர்மாறு. அந்த ஆய்வு புற்றுநோய் அபாயத்தைப் பற்றியது, பழகுதலைப் பற்றியது அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனாலும் 1860-இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து கரும்புத் தோட்டத்தில் மீலி மாவையும் பருப்பையும் ரேஷனாக வாங்கித் தின்ற நம் முன்னோரின் குடலும் இப்போது வெள்ளை ரொட்டிக்குள் கறியை நிரப்பித் தின்னும் நம் குடலும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. பன்னி சாவ் என்ற அந்தக் கறி ரொட்டியைச் சாப்பிடாமல் இருக்கச் சொல்லவில்லை. பீன்ஸ் பன்னியாக இருக்கட்டும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பருவம் உண்டு. தாய்ப்பாலில் அம்மாவின் ஐஜிஏ வருகிறது; குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரை வகைகளும் வருகின்றன, குழந்தைக்காக அல்ல, அதன் குடலில் குடியேறும் பைஃபிடோபாக்டீரியத்துக்காக. பிறகு பால் குறைந்து திட உணவு நுழையும்போது பாக்டீரியாவின் வகையும் எண்ணிக்கையும் திடீரென்று பெருகுகின்றன. எலிக்குட்டிகளில் அந்தச் சில நாள்களில் நோயெதிர்ப்பு ஒருமுறை பலமாகக் கிளர்ந்து, கட்டுப்படுத்தும் டி செல்களைப் பெருக்கிவிட்டு அடங்குகிறது என்று பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் 2019-இல் கண்டார்கள். அந்த நாள்களில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்தக் கிளர்ச்சியைத் தவறவிட்டால், வளர்ந்த பிறகு அந்த எலிகளுக்குக் குடல் அழற்சி எளிதில் வருகிறது. பிறகு பாக்டீரியாவைக் கொடுத்தாலும் சரியாவதில்லை. நாம் கோயிலில் முதல் சோறு ஊட்டும் வயதும் ஏறக்குறைய இந்தப் பருவம்தான். எலியில் கண்டதை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. கைக்குழந்தைக்குக் கடுமையான தொற்று வந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆக வேண்டும்.

இப்படிப் பழகிய உடம்பு, எதிரி வந்தால் எப்படி விழித்துக்கொள்கிறது? வேகாத கோழிக்கறியில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி வருகிறது என்று வையுங்கள். குடல் சுவரடியில் இருக்கும் விழுங்கு செல்கள் வீட்டு பாக்டீரியாவைச் சத்தமில்லாமல் விழுங்கிக் கொன்றுவிடும், ஆள் கூட்டாது. சால்மோனெல்லாவோ ஊசி போன்ற ஒரு கருவியால் செல்லின் உட்புறத்துக்கே புரதங்களைச் செலுத்துகிறது. வெளியே கண்டால் பொறுத்துக்கொள்ளும் அதே துணுக்கை செல்லுக்குள் கண்டவுடன் மணி அடிக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தவனுக்கும் படுக்கையறையில் புகுந்தவனுக்கும் உள்ள வித்தியாசம்.

உங்கள் அக்கா மகனுக்கு வருவோம். க்ரோன் நோயில் எந்தக் கண்ணி அறுந்தது என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட முடியாது. 2001-இல் கண்டுபிடித்த நாட்2 என்ற மரபணு, பாக்டீரியாவின் துணுக்குகளை செல்லுக்குள் உணரும் வேலையைச் செய்வது. அதில் மாற்றம் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். ஆனால் அந்த மாற்றம் உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பாக்டீரியா இதில் பங்காளி என்பதற்கு பெல்ஜியத்தின் லூவன் நகரத்தார் 1991-இல் காட்டியதே போதும்: அறுவைக்குப் பின் குடலில் உணவுக் கழிவு ஓடாமல் திருப்பிவிட்டபோது அந்தப் பகுதியில் புண் திரும்ப வரவில்லை, ஓட்டத்தை மீண்டும் இணைத்தபோது வந்தது. அவன் சிகரெட் பிடிப்பவனானால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். க்ரோன் நோயை அது மோசமாக்குகிறது என்பதில் சந்தேகம் இல்லை. "குழந்தையில் நான் ஊட்டியதில்தான் ஏதோ தவறு" என்று உங்கள் அக்கா அழுததாகச் சொன்னீர்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் என்ன என்பது இரண்டாவது கேள்வி. முதலில், முடியாது, ஆன்டிபயாட்டிக் குறைக்கும், வெறுமையாக்காது, மருந்துக்கு மசியாதவை எஞ்சி நிற்கும். காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற போக்கிரிகள் குடியேறினால் வயிற்றுப்போக்கே உயிருக்கு ஆபத்தாகும். இரண்டாவது, ப்யூட்டிரேட் நின்றுபோகும், சுவர் பட்டினி கிடக்கும். கிருமியே இல்லாமல் வளர்ந்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டுப்படுத்தும் டி செல்கள் மிகக் குறைவு, ஐஜிஏவும் குறைவு. ஆசிரியரைக் கொன்றுவிட்டுப் பையன் படிக்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா? சீழ் கட்டினாலோ அறுவைக்குப் பிறகோ டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், அது வேறு கணக்கு.

கடைசியாகக் கூழ். கேழ்வரகு கிடைக்காத ஊரில் நம் பாட்டிகள் மீலி மாவில் அம்மனைத் திருப்திப்படுத்திவிட்டார்கள்; புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியாவுக்கும் எந்த மாவு என்பது பெரிய பொருட்டல்ல. ஆனால் மாவைப் புளிக்க வைத்துப் பிறகு காய்ச்சினால் அவை அடுப்பிலேயே செத்துவிடும். ஆறிய கூழில் புளித்த பால் ஊற்றிக் கரைத்தால்தான் உயிருள்ளவை வயிற்றுக்குப் போகும், அவையும் பெரும்பாலும் சில நாள் விருந்தாளிகளே. ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனை 2021-இல் வெளியானது. அதில் பத்து வாரம் புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் பெருகி, இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், க்ரோன் நோயாளிகள் அல்ல.

அவன் குடிக்கலாமா என்பதை டாக்டரிடம் இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். குடலில் எங்காவது குறுக்கம் இருக்கிறதா? இருந்தால் நார் மிகுந்த உணவு அங்கே அடைத்துக்கொள்ளும். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்கிறீர்களா? அப்படியானால் திறந்த அண்டாவில் வெயிலில் நிற்கும் கூழ் அவனுக்கு வேண்டாம், வீட்டில் காய்ச்சியது குடிக்கட்டும். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்து, நோயும் அடங்கியிருந்தால், அடுத்த ஆடிக்கு அவனைக் கூட்டிவாருங்கள். பச்சை வெங்காயமும் மிளகாயும் மட்டும் அவன் கிண்ணத்தில் வேண்டாம். அவன் பங்கு மிளகாயை நான் வாங்கிக்கொள்கிறேன்.